குட்டியின் குறும்பும் நமது பொறுப்பும்

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். திருந்தாத மனிதரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், பாவம், நாயைத்தான் சாட்சிக்கு அழைக்கிறோம். வால் நிமிராது என்பது உண்மையே. அது நிமிர வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அந்த வாலுக்கு உரிய நாய் நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொள்ளுமா என்றால், நிச்சயம் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுக்கும் நாம்தான் முதலில் சில பாடங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. அப்பாடங்களை எங்கள் வீட்டில் நாங்கள் மிகவும் தாமதமாகப் படித்தோம். தாமதத்தின் விலையைக் கொடுத்தது டைகர்.

டைகர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாய்க்குட்டி. கூடத்தில் சிறுநீர் கழித்தால் அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்தோம். செருப்பைக் கடித்தால் செய்தித்தாளைச் சுருட்டி அடித்தோம். இரவில் அழுதால் கொல்லையில் கட்டிப்போட்டோம். "அடியாத மாடு படியாது" என்று பெரியவர்கள் சொன்னதை நாங்களும் நம்பினோம். டைகர் படியவில்லை, பயந்தது. கட்டிலுக்கு அடியில் ஒளியத் தொடங்கியது. ஒரு வயதாகும்போது, கை ஓங்கினாலே உறுமிற்று. ஒருநாள் தலையைச் சொறிய நீட்டிய கையையும் கடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். அது திரும்பி வரவில்லை. அப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதுகூட அன்று எங்களுக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மழைக்காலத்தில், சாக்கடை ஓரம் நனைந்து கிடந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியை எங்கள் தம்பி சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தான். "ஒரு மாதம் பார்ப்பேன். பழைய கதை மறுபடி நடந்தால் இதற்கும் சந்தைதான்" என்றார் அப்பா. குட்டிக்கு மணி என்று பெயரிட்டோம். முதல் வேலையாக அதை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் அம்மா பற்களைப் பார்த்து, ஆறு வாரக் குட்டி என்றார். அது செய்யும் தப்புகளை எல்லாம் நாங்கள் பட்டியலிட, அவர் சிரித்துக்கொண்டே, "அது தப்பு செய்யலை பாப்பா. குட்டியா இருக்குது, அவ்வளவுதான்" என்றார். அன்று முதல் நாங்கள் கேட்டும், படித்தும், செய்து பார்த்தும் அறிந்தவற்றைத் தோழியருடன் பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஓர் அடிப்படை

நாய்க்குட்டியின் மனம் எளிய கணக்குப் போடுகிறது. ஒரு செயலைச் செய்த மறு விநாடியில் இன்பம் கிடைத்தால் அதை மீண்டும் செய்யும். ஒன்றும் கிடைக்காவிட்டால் மெல்ல விட்டுவிடும். இதில் "மறு விநாடி" என்பதே முக்கியம். பள்ளியிலிருந்து மாலை திரும்பி வந்து, காலையில் கிழித்த தலையணையைக் காட்டி அடித்தால், எதற்காக அடிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. நாம் வீட்டுக்குள் வருவதும் அடி விழுவதும் மட்டுமே அதன் கணக்கில் சேரும்.

"தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, பாருங்கள், தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது!" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதை அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு சோதித்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். தின்னக்கூடாது என்று விலக்கிய பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும், அந்தக் "குற்றவாளி முகத்துக்கும்" தொடர்பு காணப்படவில்லை. உரிமையாளர் திட்டியபோது, தின்னாத நாயும் அதே முகத்தைக் காட்டியது. ஆகவே நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, நம் கோபத்தைக் கண்ட அச்சமே. டைகரின் குனிந்த தலையை எத்தனை முறை தவறாகப் படித்தோம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

கடித்தல்

குட்டி வளர்ப்போர் எல்லோரும் சொல்லும் முதல் புகார் இது. குட்டிக்கு 28 பால்பற்கள். அவை ஊசிபோல் கூரியவை. நான்காம் மாதம் முதல் அவை விழுந்து, ஆறு அல்லது ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. அந்த நாட்களில் ஈறு ஊறும். கண்டதைக் கடிக்கத் தோன்றும். அதுமட்டுமன்று. நமக்குக் கை எப்படியோ அப்படிக் குட்டிக்கு வாய். தொட்டுப் பார்ப்பதும் விளையாடுவதும் வாயால்தான்.

எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற பாடத்தைக் குட்டி தன் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்கிறது. ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது "கீச்" என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். கடித்தது திகைத்து நிற்கும். இப்படிப் பலமுறை நடந்தபின் அதன் வாய் மென்மையாகும். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் இப்பாடத்தைப் பாதியில் விட்டு வந்தவை. எங்கள் மணியும் அப்படித்தான். மீதிப் பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும்.

பல் கையில் பட்டவுடன் கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. ஓடும் பொருளைப் பிடிப்பது நாயின் இயல்பு. இழுக்கும் கை அதற்கு ஓடும் எலியாகத் தெரிகிறது. அசையாமல் நின்று, பேச்சையும் விளையாட்டையும் அக்கணமே நிறுத்த வேண்டும். பிறகு மெல்லக் கையை எடுத்துக்கொண்டு அரை நிமிடம் விலகிச் செல்ல வேண்டும். திரும்பி வந்ததும், கடிப்பதற்கென்றே வைத்துள்ள துணி முடிச்சைக் கொடுக்க வேண்டும். அதைக் கடித்தால் "சபாஷ்" என்று பாராட்ட வேண்டும். பழைய துண்டை முடிச்சிட்டு, நனைத்து, பிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறுக்கும் இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கினால் அதை எறிந்துவிட்டு வேறு முடிச்சு போடவேண்டும். விழுங்கிய நூல் குடலில் சிக்கிக்கொள்ளும். வாயை இறுக்கிப் பிடிப்பது, மூக்கில் சுண்டுவது ஆகியவற்றால் குட்டி கடிப்பதை விடாது. மனிதனின் கையைக் கண்டு பயப்படவே கற்கும்.

எங்களுக்கு இரண்டு தடைகள் வந்தன. ஒன்று தம்பி. மணி கடித்ததும் அவன் அலறிக்கொண்டு ஓடுவான். இதைவிட நல்ல விளையாட்டு ஒரு குட்டிக்கு வேறு உண்டா? "மரம் போல் நில்" என்று அவனுக்குக் கற்றுக்கொடுக்க, மணிக்குக் கற்றுக்கொடுத்ததைவிட அதிக நாட்கள் ஆயின. இரண்டாவது எங்கள் மாமா. வாரந்தோறும் வந்து, "ஆண்பிள்ளை நாய் என்றால் கடிக்க வேண்டாமா?" என்று கையை ஆட்டி ஆட்டிக் கடிக்க விடுவார். ஆறு நாள் கட்டியதை ஒரு மாலையில் இடித்துவிட்டுப் போவார். கடைசியில் பாட்டிதான் அவரைக் கண்டித்தார். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே விதியைப் பின்பற்றாவிட்டால் குட்டிக்கு விதி எதுவென்றே புரியாது.

இன்னொரு செய்தி. குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தூங்கவேண்டும். மாலை வேளையில் அது வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடித்தால், பெரும்பாலும் அது தூக்கத்துக்கு ஏங்கும் குழந்தையின் அடமே. இருட்டான அமைதியான மூலையில் படுக்க வைத்தால் ஐந்து நிமிடத்தில் உறங்கிவிடும்.

விளையாட்டுக் கடியும் விளையாட்டன்று

மணி வந்த மூன்றாம் நாள் தம்பியின் விரலில் பல் பட்டு ஒரு துளி ரத்தம் வந்தது. "குட்டி தானே, மஞ்சள் வை" என்றார் அடுத்த வீட்டு அத்தை. நல்ல வேளையாக அம்மா கேட்கவில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

வெறிநோய் சிறு குட்டிக்கும் இருக்கலாம். நோயின் அறிகுறி மனிதனிடம் தோன்றிவிட்டால் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆனால் கடிபட்டவுடன் உரிய சிகிச்சை பெற்றால் அதை ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம். 1885ஆம் ஆண்டு பிரான்சில் லூயி பாஸ்டர், நாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் தம் மருந்தைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். நம் மாநிலத்திலேயே குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிறுவனம் 1907 முதல் இருந்து வருகிறது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் பழங்கதை. இப்போது சில ஊசிகள் மட்டுமே, அதுவும் கையில். காயத்தில் சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பக்கூடாது. எத்தனை ஊசி என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குட்டிக்கும் ஊசிகள் உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளிவிட்டுப் போடும் தடுப்பூசிகள், பார்வோ போன்ற கொடிய நோய்களிலிருந்து காக்கும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்படும். குடற்புழு மருந்தையும் மறக்கக்கூடாது. நாட்டு நாய்க்கு நோய் வராது என்பது தவறான நம்பிக்கை.

வீட்டுக்குள் அசுத்தம் செய்தல்

இங்கே தவறு குட்டியினுடையது அன்று; கடிகாரத்தைப் பாராத நம்முடையது. மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். அதனினும் சிறியதற்கு இன்னும் குறைவு. தூங்கி எழுந்தவுடன், உண்டபின், விளையாடியபின், படுக்குமுன் என நான்கு வேளைகளில் தவறாமல் வெளியே கொண்டு செல்ல வேண்டும். தரையை முகர்ந்துகொண்டு வட்டமிட்டால் அதுவே அறிவிப்பு.

கொல்லையில் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, பேசாமல் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அங்கேயே, அப்பொழுதே பாராட்டி, ஒரு துளி அவித்த கோழியோ இட்லித் துண்டோ கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குக் கொடுத்ததாகவே அது எண்ணும். முடிந்தவுடன் உள்ளே தூக்கி வந்துவிடவும் கூடாது. விளையாட்டு முடிந்துவிடும் என்று தெரிந்தால், அது அடக்கிக்கொண்டு நேரம் கடத்தும்.

உள்ளேயே போய்விட்டால்? கண்ணெதிரே நடந்தால் கையைத் தட்டி, தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம். பார்க்காதபோது நடந்திருந்தால் துடைப்பத்தைத் தேடுவதே நம் வேலை. மூக்கைத் தேய்த்தால் குட்டி ஒன்றை மட்டும் கற்கும்: மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்று. டைகர் அப்படித்தான் பீரோவின் பின்னால் மறைந்து போகக் கற்றது. அதை வஞ்சகம் என்று நாங்கள் வேறு திட்டினோம்.

கழுவும் முறையும் முக்கியம். வாசனை மிஞ்சினால் குட்டி அதே இடத்தைத் தேடி வரும். சோப்புத் தண்ணீரில் நன்கு கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைப்பது நல்லது. அம்மோனியா கலந்த திரவங்களின் நெடி சிறுநீரை நினைவூட்டும். பினாயிலை ஊற்றினால் அதில் நடந்த பாதங்களைக் குட்டி நக்கி நோயுறக்கூடும். நன்கு பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சிறுநீர் கழித்தால், அது பிடிவாதமாக இராது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் ஏட்டில் மணியின் வேளைகளை நேர அட்டவணை போட்டு எழுதி வைத்தோம். முதல் வாரம் ஒரு நாளில் ஐந்து, ஆறு பிழைகள். நான்காம் வாரம் இரண்டு நாளைக்கு ஒன்று. அந்த ஏட்டைத்தான் மாத முடிவில் அப்பாவிடம் காட்டினோம்.

இரவு அழுகை

விடுதியில் முதல் இரவைக் கழித்த தோழியருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேற்று வரை தாயின் வயிற்றுச் சூட்டில் உடன்பிறப்புகளோடு ஒட்டிக்கிடந்த உயிர், இன்று இருட்டில் தனியே கிடக்கிறது. தனித்துப்போன குட்டி குரல் கொடுத்தால்தான் தாய் தேடி வரும். எனவே அழுகை அதன் பாதுகாப்பு, அடம் அன்று.

அடித்து அடக்கினால் அழுகை நிற்கலாம், பயம் நிற்காது. முதல் சில இரவுகள் ஓர் அட்டைப்பெட்டியில் பழைய புடவையை விரித்து, நம் படுக்கை அருகிலேயே வைத்துக்கொள்வது நல்லது. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் சூடு கிடைக்கும். அழுதால் கையைத் தொங்கவிட்டுத் தொட்டால் போதும். விளக்கைப் போட்டுக் கொஞ்சக்கூடாது. நடு இரவில் ஒருமுறை வெளியே கொண்டு போகத்தான் வேண்டும். பிறகு ஒவ்வோர் இரவும் பெட்டியை ஒரு முழம் நகர்த்தலாம். எங்கள் மணியின் பெட்டி படுக்கையறையிலிருந்து கூடத்துக்குப் போய்ச்சேர இரண்டு வாரம் ஆயிற்று. பகலிலும் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று சிறுகச் சிறுகத் தனிமையைப் பழக்கவேண்டும்.

வேறு சில குறும்புகள்

செருப்பைக் கடித்தல்: கிழிந்த பழஞ்செருப்பை விளையாடக் கொடுத்துவிட்டு, புதுச்செருப்பைக் கடித்தால் கோபிப்பது நியாயமன்று. பழையதும் புதியதும் அதற்கு ஒரே வாசனை. செருப்பை உயரத்தில் வைப்பதே சிறந்த பயிற்சி. மின்கம்பிகளையும் மறைத்து வைக்கவேண்டும்.

மேலே தாவுதல்: சேற்றுக் காலோடு சீருடையில் தாவும்போது "ஐயோ!" என்று கத்துவதும் தள்ளுவதும்கூட அதற்கு விளையாட்டே. முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். நான்கு காலும் தரையில் பட்ட கணத்தில் குனிந்து தடவ வேண்டும்.

உண்ணும்போது உறுமுதல்: கிண்ணத்தைப் பிடுங்கிப் பார்ப்பது பெரும் தவறு. பிடுங்குவார்கள் என்ற அதன் சந்தேகம் உறுதியாகிவிடும். சற்றுத் தள்ளி நடந்துபோகும்போது கிண்ணத்தில் மேலும் சுவையான ஒன்றைப் போட்டுச் செல்லவேண்டும். மனிதர் வந்தால் நன்மையே என்று அது எண்ணத் தொடங்கும். உண்ணும் நாயின் அருகில் சிறு பிள்ளைகளை ஒருபோதும் விடக்கூடாது. வெங்காயம், சாக்லேட், திராட்சை, வெந்த கோழி எலும்பு ஆகியவற்றை யாரும் கொடுக்கவும் கூடாது.

பயம்: பல கெட்ட பழக்கங்களின் வேர் இதுவே. 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இன்றி வளர்ந்த குட்டிகள், பின்னர் காட்டு விலங்குகள்போல் மனிதரை அஞ்சி விலகின. மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் பார்த்துப் பழகியவற்றையே நாய் தன் உலகமாக ஏற்கிறது. எனவே குக்கர் விசில், மிக்சி, குடை, தலைக்கவசம், தபால்காரர் எல்லாவற்றையும் அக்காலத்திலேயே, தூரத்திலிருந்து, தின்பண்டத்தோடு அறிமுகப்படுத்த வேண்டும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் கையில் தூக்கிச் சென்று காட்டலாம். எங்கள் மணி பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்துதான் முதன்முதலில் தெருவைப் பார்த்தது.

மாத முடிவில்

அப்பா ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஒரு சிவப்புக் கழுத்துப்பட்டை வாங்கி வந்து, தம்பியிடம் கொடுத்தார். "நாளைக்கு யார் அதிகாலையில் எழுந்து இதை வெளியே கொண்டு போவது?" என்று மட்டும் கேட்டார். இப்போது பெரும்பாலான நாட்களில் அவரே கொண்டு போகிறார்.

தோழியரே, குட்டி வேண்டும் என்று கேட்குமுன் உங்கள் வீட்டில் சில கேள்விகள் கேளுங்கள். அதிகாலையில் எழுவது யார்? பகலில் வீட்டில் இருப்பது யார்? ஊசி போட அழைத்துச் செல்வது யார்? பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரை, நாம் படிப்பு முடித்து வெளியூர் போனபின் பார்ப்பது யார்? விடைகள் கிடைத்தால் கொண்டு வாருங்கள். அடியை விட்டுவிட்டு, நேரத்தையும் பொறுமையையும் கொடுங்கள்.

மணி செய்த குறும்புகளில் எதையும் டைகர் அதிகமாகச் செய்துவிடவில்லை. அதே ஈரம், அதே செருப்பு, அதே அழுகை. டைகர் கெட்ட நாய் என்றுதான் அன்று தெருவெல்லாம் சொன்னோம். அப்படிச் சொன்னது தவறு என்பதை இந்தப் பக்கத்திலாவது பதிவு செய்ய விரும்புகிறோம்.